பனி மூடிய கடலில் இத்தனை மீன் எப்படி?

தம்பி, நீ கேட்டதில் நாலு கேள்வி இருக்கிறது. கடல் குளிர்ந்தால் வலையில் மீன் நிறையப் படும் என்று கூட்டப்புளியில் உன் அப்பா சொல்கிறார். ஆனால் துருவக் கடல் உறைந்தே கிடக்கிறதே, அங்கே எப்படி உலகத்திலேயே பெரிய மீன்பிடிப்பெல்லாம் நடக்கிறது என்பது முதலாவது. பனி உருகினால் மீன் இன்னும் பெருகுமா என்பது இரண்டாவது. அந்தக் கடலுக்கும் நம் கடலுக்கும் தொடர்பு உண்டா, இதைப் படிக்க எங்கே போக வேண்டும் என்பவை மற்ற இரண்டும். முதல் இரண்டுக்கும் பதில் நீளும், பொறுமையாகப் படி.

அப்பா சொல்வது சரி. ஆனி, ஆடியில் பருவக்காற்று பலமாக வீசும்போது கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் கேரளக் கரையோரமும் மேல்தண்ணீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. குமரிக்குத் தெற்கே சுமார் 10,000 சதுர கிலோமீட்டரில் கிடக்கும் வெட்ஜ் பேங்க் மீன் வளத்துக்குப் பேர்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் மீனை இழுப்பது வெறும் குளிர் இல்லை. அந்தத் தண்ணீர் ஆழத்திலிருந்து சுமந்து வரும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகிய உரங்கள்தான். அதைக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகும், தண்ணீர் பச்சை கட்டும், பின்னாலேயே சாளை வரும்.

மற்ற மாதங்களில் நம் கடலுக்கு வெயிலில் குறைவில்லை, உரத்தில்தான் குறை. சூடான, லேசான தண்ணீர் மேலே கிடக்கிறது. குளிர்ந்த, கனமான தண்ணீர் கீழே கிடக்கிறது. சாதாரணக் காற்றால் இரண்டையும் கலக்க முடியாது. செத்து விழும் உயிர்களோடு உரமும் கீழே போய்விடும், மேலே வராது.

துருவக் கடலில் எல்லாம் தலைகீழ். அங்கே குளிர்காலம் முழுக்க உரம் கலந்துகொண்டே இருக்கும், வெயில்தான் கிடையாது. எப்படிக் கலக்கிறது என்று பார். கடல்நீர் உறைவது சுமார் மைனஸ் 1.8 டிகிரியில். உறையும்போது பனிக்கட்டி பெரும்பாலும் நல்ல தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த உப்புக் கரைசல் கனமானது. நேராகக் கீழே இறங்கும். இறங்க இறங்க அடித்தண்ணீர் மேலே வரும். ஆழமான பெருங்கடலில் இந்தக் கலக்கல் பாதி வழியிலேயே நின்றுபோகலாம். ஆழம் குறைந்த கடலில் தரை வரைக்கும் போய்விடும்.

ஆழம் குறைந்த கடல் என்றால் கண்டத்திட்டு. நிலம் கரையோடு முடிந்துவிடாமல் தண்ணீருக்கு அடியில் சரிந்து நீளும் பகுதி அது. ஆர்க்டிக் பெருங்கடலின் பரப்பில் ஏறத்தாழ பாதி இப்படிப்பட்ட திட்டுதான். வேறு எந்தப் பெருங்கடலுக்கும் இந்த விகிதம் கிடையாது. சைபீரியாவுக்கு வடக்கே சில இடங்களில் அது 1,500 கிலோமீட்டர் வரை நீள்கிறது. இங்கிருந்து நேர்கோட்டில் நாக்பூரைத் தாண்டும் தூரம். அவ்வளவு தூரமும் பெரும்பாலும் 50 மீட்டர் ஆழம்தான்.

சரி, "உறைந்தே கிடக்கிறது" என்றாயே, அதையும் பார்ப்போம். உறைவது மேல்தோல் மட்டும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் பனிக்குக் கீழே கடல் கடலாகவே இருக்கிறது. அந்தப் பனியும் செத்த பொருள் இல்லை. வசந்த காலத்தில் அதைக் குழாயால் துளைத்து ஒரு நீளத் துண்டை வெளியே எடுத்தால் மேலெல்லாம் வெள்ளையாக இருக்கும், அடிமுனையில் கடைசிச் சில சென்டிமீட்டர் மட்டும் பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பு முழுவதும் டயாட்டம் என்கிற நுண்பாசி. பனியின் அடிப்பக்கத்தில் உப்புக் கரைசல் தங்கியிருக்கும் நூலளவு குழல்களுக்குள், பனியை ஊடுருவி வரும் மங்கலான வெளிச்சத்தை வைத்துக்கொண்டு வளர்கின்றன. மெலோசிரா என்கிற ஒரு வகை, பனியின் அடியிலிருந்து மீட்டர் கணக்கில் இழையிழையாகத் தொங்கும். திறந்த தண்ணீரில் பாசி வளரத் தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே கிடைக்கும் முதல் தீனி இது.

இந்த முதல் தீனிக்காகவே வாழ்க்கையை அமைத்துக்கொண்ட உயிர்கள் உண்டு. காலனஸ் கிளேசியாலிஸ் என்று ஒரு சின்ன கோப்பிப்பாடு (தண்ணீரோடு மிதந்து திரியும் இறால் இனத்துச் சிற்றுயிர்), அரிசி நீளம் கூட இருக்காது. தாய், பனியடிப் பாசியைத் தின்று முட்டையிடுகிறது. குஞ்சு தின்னத் தயாராகும் நேரத்துக்குப் பனி விலகி, திறந்த தண்ணீரில் இரண்டாவது பாசிப் பெருக்கு வந்துவிடுகிறது. கோடை முடிவதற்குள் அதன் உடம்பின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகச் சேர்ந்துவிடும். நீண்ட இருட்டை அந்தக் கொழுப்பில் ஓட்டிவிடும். ஆர்க்டிக்கின் மீன், பறவை, திமிங்கிலம் பலவும் இந்தக் கொழுப்பின் மேல்தான் நிற்கின்றன.

பனி உருகும்போது இன்னொன்றும் நடக்கிறது. உருகிய நல்ல தண்ணீர் லேசானது என்பதால் கடலின் மேலே தனி அடுக்காக நிற்கும். நுண்பாசிகள் ஆழத்துக்கு இழுபட்டுப் போகாமல் வெளிச்சத்திலேயே தங்கிவிடும். குளிர்காலம் முழுக்கக் கலந்து வைத்த உரம், இருபத்து நாலு மணி நேர வெயில், அசையாத மேலடுக்கு, மூன்றும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் நாம் காரும் பிசானமும் என்று இருபோகம் எடுக்கிறோம். துருவக் கடலோ ஒருபோக நிலம். வருஷத்து விளைச்சலில் பெரும்பங்கு சில வாரங்களில் வந்துவிடும், அந்த நாள் தப்பினால் அடுத்த வருஷம்தான்.

தின்பதற்கு ஆள் போதாத அளவுக்கு விளைகிறது என்பது இதில் முக்கியமான விஷயம். குளிரில் மிதவை விலங்குகள் மெதுவாகத்தான் பெருகும், அதனால் மேலே விளைந்த பாசியில் பெரும்பகுதி தின்னப்படாமலே தரைக்கு இறங்குகிறது. 50 மீட்டர்தானே, சத்துக் கெடாமல் போய்ச் சேர்ந்துவிடும். ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவில் உள்ள பெரிங் கடலின் வடபகுதியிலும் அதற்கு மேலே சுக்சி கடலிலும் தரைச்சேறு முழுக்கச் சிப்பியும் புழுவும் இறால் இனத்துச் சிறு பூச்சிகளும் நிறைந்திருப்பது இதனால்தான். வால்ரஸ் அங்கே சேற்றைத் துழாவிச் சிப்பி தின்கிறது. சாம்பல் திமிங்கிலம் மெக்சிகோ கரையிலிருந்து அவ்வளவு தூரம் நீந்தி வந்து, தரையில் ஒருக்களித்துப் படுத்து, வாயின் ஒரு பக்கத்தால் சேற்றை உறிஞ்சி, பூச்சியை மட்டும் அரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்புகிறது. துருவத் திட்டுக் கடலின் செல்வம் தரையில் கிடக்கிறது என்பதை மறக்காதே. உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

பனி உருகினால் மீன் பெருகுமா? பாசி பெருகும், பெருகியும் இருக்கிறது. 1998 முதல் 2018 வரை ஆர்க்டிக் பெருங்கடலில் நுண்பாசி உற்பத்தி 57 சதவீதம் கூடியதாக செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். திறந்த தண்ணீர் கூடினால் வெளிச்சம் கூடும் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பாசி பெருகினால் மீனும் பெருகிவிடும் என்று நினைக்கிறாயே, அந்த இடத்தில்தான் கணக்கு தப்புகிறது. பெரிங் கடலில் நடந்ததைச் சொன்னால் உனக்குப் புரியும்.

பெரிங் கடலின் கிழக்குப் பக்கம், அலாஸ்காவை ஒட்டி, 500 கிலோமீட்டருக்கு மேல் அகலமான திட்டு இருக்கிறது. குளிர்காலப் பனி உருகிய பிறகும் அதன் தரையையொட்டி 2 டிகிரிக்கும் குறைவான குளிர்ந்த தண்ணீர் கோடை முழுக்கத் தேங்கி நிற்கும். மேலே வெயிலில் சூடான தண்ணீர், கீழே போன குளிர்காலத்தின் குளிர். போலக், பசிபிக் காட் ஆகிய பெரிய மீன்கள் அந்தக் குளிருக்குள் வர விரும்பாது. பனி நண்டின் குஞ்சுகளுக்கோ அது பிடித்த இடம், தின்ன வருகிறவர்கள் அங்கே வருவதில்லையே. பனி போட்டுவைக்கும் வேலி அது, கோடை முழுக்கத் தரையில் நிற்கும்.

2018 குளிர்காலத்தில் பெரிங் கடலில் பனி வரலாறு காணாத அளவு குறைந்தது. அடுத்த வருஷமும் அப்படியே. தரையின் குளிர்ந்த தண்ணீர் ஏறக்குறைய காணாமலே போனது. அந்த நேரத்தில் நண்டுக் குஞ்சுகள் எண்ணிக்கையில் உச்சத்தில் இருந்தன. 2021-ல் எண்ணிப் பார்த்தபோது 1,000 கோடிக்கும் மேற்பட்ட நண்டுகளைக் காணவில்லை. 2022-ல், வரலாற்றில் முதல்முறையாக, அலாஸ்காவின் பனி நண்டுப் பருவத்தை முழுவதுமாக மூடினார்கள். 2024-ல் மிகச் சிறிய அளவில்தான் திறந்தார்கள். சூடு நேரடியாகக் கொல்லவில்லை. அதைவிடச் சூடான தண்ணீரிலும் அந்த நண்டு ஆய்வகத்தில் உயிரோடு இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் சூடானதும் உடம்பின் தீனித் தேவை பல மடங்கு ஏறிவிட்டது, இருந்ததோ அதே தரை, அதே தீனி, அதற்குக் கணக்கற்ற வாய்கள். பெரும்பாலானவை பட்டினியில் செத்தன என்பதுதான் ஆய்வாளர்களின் முடிவு. எனக்கு இதைப் படித்தபோது மனசு மிகவும் கனத்தது. அந்த நண்டை நம்பித் தொழில் செய்கிற சின்னச் சின்னத் தீவு ஊர்கள் அங்கே உண்டு, நம் உவரி, இடிந்தகரைக்காரர்கள் மாதிரியே கடலைத் தவிர வேறு வரும்படி இல்லாதவர்கள்.

நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே இருக்கும் பாரன்ட்ஸ் கடலில் கதை வேறு மாதிரித் தொடங்கியது. சராசரி ஆழம் சுமார் 230 மீட்டர், பரப்பு சுமார் 14 லட்சம் சதுர கிலோமீட்டர். அட்லாண்டிக்கின் சூடான நீரோட்டம் (உன் அப்பா நீவாடு என்பார்) அதற்குள் நுழைவதால் தென்பகுதி குளிர்காலத்திலும் உறைவதில்லை. உலகத்தின் மிகப் பெரிய காட் மீன் கூட்டம் அங்கேதான் வளர்கிறது. முட்டையிட நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு வரும். அங்கே அதைப் பிடித்து, உப்பே போடாமல், குளிர்காற்றில் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் கருவாடு ஆக்குகிறார்கள். ஆயிரம் வருஷத்துத் தொழில் அது. 1970-களின் நடுவிலிருந்து நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்தே அளவு நிர்ணயித்துப் பிடிக்கின்றன. அரசியலில் எவ்வளவு பகை வந்தபோதும் இந்த ஏற்பாடு அறுந்துபோகவில்லை, அது சின்ன விஷயம் இல்லை.

கடல் சூடாகப் பனி பின்வாங்கியது, காட் மீன் வடக்கே பரவியது, கூட்டம் பெருத்தது. 2013-ல் அனுமதித்த பிடிப்பு 10 லட்சம் டன். பனி உருகியதால் லாபம் என்று அப்போது பலர் பேசினார்கள். 2025-க்கு அனுமதித்தது 3,40,000 டன். புதுக்குஞ்சுகள் போதுமான அளவு சேரவில்லை. காட் வடக்கே போன இடத்தில் ஏற்கெனவே இருந்த ஆர்க்டிக் மீன்களுக்கும் இடம் குறைந்தது. அவற்றில் போலார் காட் என்கிற சின்ன மீன் முக்கியம். குளிர்காலத்தில் பனிக்கு அடியில் முட்டையிடும். முட்டைகள் மேலே மிதந்து பனியின் அடியில் ஒதுங்கிப் பொரிக்கும். கொழுப்பு நிறைந்த அந்த மீனைத்தான் சீலும் கடற்பறவையும் பெலுகாத் திமிங்கிலமும் தேடித் தின்கின்றன. பனி போனால் அதன் முட்டைக்கு ஒதுங்க இடமில்லை.

ஆக, என் பதில் இது: பனி குறைந்தால் பாசி கூடலாம், சில மீன்கள் சில வருஷங்களுக்குக் கூடலாம். ஆனால் யாருக்கு எப்போது தீனி, தரையில் யாருக்கு இடம் என்று முடிவு செய்துகொண்டிருந்தது பனிதான். அது போனபின் வரும் கடல் வேறொரு கடல். அதில் பழைய கணக்கை வைத்துக்கொண்டு லாபம் பேசுவதை நான் ஏற்கவில்லை. வட துருவத்தின் நடுக்கடலில் மீன்பிடிப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே அதைத் தடுக்கும் ஒப்பந்தம் ஒன்று 2018-ல் கையெழுத்தாகி 2021-ல் அமலுக்கு வந்தது. குறைந்தது 16 வருஷத்துக்கு அங்கே வணிக மீன்பிடிப்பு கிடையாது. மீன் அழிந்தபிறகு தடை போடுவதைத்தான் உலகம் வழக்கமாகச் செய்திருக்கிறது, முதலில் ஆய்வு, பிறகு வலை என்று ஒப்பந்தம் போட்ட நாடுகள் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தென் துருவத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. அண்டார்டிகாவின் திட்டு மற்ற திட்டுகளைவிட ஆழமானது, பல இடங்களில் 400, 500 மீட்டர். மேலே கிலோமீட்டர் கணக்கில் கிடக்கும் பனியின் பாரத்தில் நிலம் அமுங்கியிருக்கிறது; பழைய பனியாறுகள் தரையை அரித்தும் விட்டிருக்கின்றன. அதனால் நம் கரைக்கு நேர்மாறாக, பல இடங்களில் கரையை நெருங்க நெருங்க ஆழம் கூடும். அங்கே தின்பது, தின்னப்படுவது எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது கிரில், அதிகம் போனால் 6 சென்டிமீட்டர் வளரும் கூனி இன உயிர். அதன் குஞ்சுகள் முதல் குளிர்காலத்தைப் பனியின் அடியில் பாசியைச் சுரண்டித் தின்றே கடக்கின்றன.

அங்குள்ள மீன்களின் ரத்தத்தில் உறையாமல் காக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதில் பனிமீன் என்ற குடும்பத்துக்கு ரத்தத்தில் சிவப்பே கிடையாது, ஹீமோகுளோபின் இல்லாத ஒரே முதுகெலும்பிக் குடும்பம். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரைந்திருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. 2021 பிப்ரவரியில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக்கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் கேமராவைத் தரைக்குச் சற்று மேலே இழுத்துக்கொண்டு போனபோது, 400 மீட்டருக்கும் கீழே வட்ட வட்டமாகக் குழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் அகலம், ஒரு சாண் ஆழம் கூட இல்லை. நடுவில் சேற்றை விலக்கிச் சிறு கற்கள் தெரியும்படி சுத்தம் செய்திருந்தது. அதன்மேல் சராசரியாக 1,700 முட்டைகள், காவலுக்கு ஒரு பனிமீன். கேமரா மணிக்கணக்காகப் போயும் கூடுகள் முடியவில்லை. சுமார் 240 சதுர கிலோமீட்டரில் 6 கோடி கூடுகள் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய மீன் கூட்டுக் குடியிருப்பு அதுவரை எங்கேயும் தெரிந்ததில்லை. தரையில் கிடக்கிறது செல்வம் என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். தொடர்பு உண்டு, ஆனால் நாளைக்குச் சாளை ஏலத்தில் தெரிகிற மாதிரி இல்லை. குமரிக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் 4,000 மீட்டருக்குக் கீழே தண்ணீர் ஒன்று, இரண்டு டிகிரிதான். இந்த வெயிலுக்குக் கீழே அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? அண்டார்டிகாத் திட்டில் பனி உறையும்போது கழிந்த உப்பு, தண்ணீரைக் கனமாக்கி, திட்டின் விளிம்பில் வழிந்து, உலகக் கடல்களின் அடிக்குப் போகிறது. போகும்போது ஆக்சிஜனையும் கொண்டுபோகிறது. அது உருவாகும் முக்கிய இடங்களில் ஒன்று கேப் டார்ன்லி, நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையம் இருக்கும் பிரிட்ஸ் விரிகுடாவுக்கு மேற்கே. அந்தப் பகுதியில் யானை சீல்களின் தலையில் சிறு கருவியை ஒட்டி, அவை முங்கி எழும்போதெல்லாம் தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்திருக்கிறார்கள். பனிப்பாறை உருகி வரும் நல்ல தண்ணீர் கலந்தால் உப்பு நீர்த்து, கனம் குறைந்து, இந்த இறக்கம் தளர்கிறது என்பது அப்படித் தெரியவந்தது.

இன்னொரு தொடர்பு கடல்மட்டம். உள்ளே போகப் போக ஆழமாகும் அந்தத் திட்டின் பள்ளங்கள் வழியாகச் சற்றே சூடான ஆழ்கடல் தண்ணீர் நுழைந்து, த்வைட்ஸ் முதலான பனியாறுகளை அடியிலிருந்து கரைக்கிறது. த்வைட்ஸ் முழுவதும் போனால் உலகக் கடல்மட்டம் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரும். அதற்கு நீண்ட காலம் பிடிக்கும். நம் ஊர்களில் இன்று நடக்கும் கடலரிப்புக்கு உள்ளூர்க் காரணங்கள் பல உண்டு, எல்லாவற்றையும் அண்டார்டிகா தலையில் கட்டக் கூடாது. ஆனால் இன்றைக்குத் தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கும் கற்சுவர்) எங்கே, எவ்வளவு உயரம் என்று திட்டம் போடுகிறவர்கள் அந்தக் கணக்கையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, படிப்பு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விலங்கியல், இயற்பியல், வேதியியல் எதில் பட்டம் வாங்கினாலும் மேற்படிப்பில் கடலியலுக்குப் போகலாம். துருவ ஆய்வை நம் நாட்டில் நடத்துவது கோவாவில் வாஸ்கோவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் நி-ஓலசுண்டில் ஹிமாத்ரி என்ற நிலையம் 2008 முதல் இருக்கிறது. அதன் எதிரே உள்ள கோங்ஸ்ஃபியோர்டன் கடலில் 2014-ல் சுமார் 190 மீட்டர் ஆழத்தில் இன்டார்க் என்ற அளவீட்டுக் கருவித்தொடரை நட்டார்கள். அதில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு; கருவிகளில் ஆர்வம் இருந்தால் அங்கே கேட்டுப் பார். பயணக் குழுவுக்கு ஆராய்ச்சித் திட்டம் எழுதி அனுப்பித்தான் இடம் வாங்க வேண்டும், அதனால் கணக்கும் புள்ளியியலும் இப்போதிருந்தே நன்றாகப் படி. அதுவரைக்கும் ஒரு வேலை செய்யலாம்: வருகிற ஆனியிலிருந்து புரட்டாசி வரை அப்பா கடலுக்குப் போகும்போது ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்துவிடு, மேல்தண்ணீரின் வெப்பத்தையும் அன்றைக்குப் பட்ட மீனையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை. எழுதியதும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்ப்போம்.